ஸ்டுடியோ இசைப் பிரிவில் முதல் வேலை: ஏற்பதா, படிக்கப் போவதா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் நியூ ஜெர்சியில் வளர்ந்தவள். வயது 27. சட்டம் படித்துவிட்டு, நியூயார்க்கில் ஓர் இசைப் பதிப்பகத்தில் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிறு வயதிலிருந்து கர்நாடக வயலின் வாசிக்கிறேன். வீட்டில் கணினியில் சின்னச் சின்னதாக இசை அமைப்பதும் உண்டு. ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றில் படங்களின் இசையைப் பொறுப்பேற்றுப் பார்க்கும் அதிகாரியாக வேண்டும் என்பது ஆசை. இப்போது இரண்டு வழி திறந்திருக்கிறது. ஒன்று, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பர்பாங்கில் ஒரு ஸ்டுடியோவின் இசைப் பிரிவில் பாடல்களுக்கு உரிமை அனுமதி வாங்கும் கிளியரன்ஸ் மேசையில் கோஆர்டினேட்டர் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. இன்னொன்று, லாஸ் ஏஞ்சலஸில் திரையிசை அமைப்பில் முதுகலைப் படிப்பு. கடன் வாங்கித்தான் சேர வேண்டும். “வக்கீலுக்குப் படித்துவிட்டு, பாட்டுக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதா?” என்கிறார் அப்பா. இசை அமைத்துப் பெயர் வாங்காத ஒருத்திக்கு அந்த நாற்காலியில் மரியாதை இருக்குமா என்று எனக்கே சந்தேகம். அந்தப் பதவியில் இருக்கும் உங்களைப் போன்றவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? கர்நாடகப் பயிற்சி அங்கே உதவுமா? ஸ்டுடியோக்கள் ஒன்றையொன்று வாங்குகின்றன, செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அந்த வேலை இன்னும் நீடிக்குமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பு இப்போது வேண்டாம். இசை அமைப்பாளராக வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டிருப்பது அந்த நாற்காலியை. அதற்குப் போகும் நேர் வழி உங்கள் கையில் இருக்கும் அந்த வேலைக் கடிதம்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நம் வீடுகளில் சினிமா இசை என்றால் ஒரு படத்துக்கு ஓர் இசையமைப்பாளர், பாட்டும் பின்னணி இசையும் அவருடையது, ஆடியோ உரிமையை ஒரு கம்பெனி வாங்கிக்கொள்ளும் என்றுதான் பழக்கம். உங்கள் அப்பா கேட்பதில் தப்பில்லை. அவர் பார்த்த சினிமாவில் இப்படி ஒரு மேசையே இல்லை. ஹாலிவுட்டில் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் நாலைந்து தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பின்னணி இசையை எழுதுபவர் கம்போசர். படத்தில் வரும் ஏற்கெனவே வெளியான பாட்டுகளைத் தேர்ந்து கொடுப்பவர் மியூசிக் சூப்பர்வைசர், பெரும்பாலும் படத்துக்குப் படம் அமர்த்தப்படுபவர். இசையைக் காட்சியோடு பொருத்தி வெட்டி ஒட்டுபவர் மியூசிக் எடிட்டர். இவர்களுக்கெல்லாம் மேலே, ஸ்டுடியோவின் சம்பளத்தில், ஒரே சமயத்தில் பல படங்களை வைத்துக்கொண்டிருப்பவர் நீங்கள் கேட்கும் அதிகாரி.

திரைக்கதை வந்ததுமே அவருடைய வேலை தொடங்கிவிடும். “கல்யாண வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய பாட்டைப் பாடுகிறார்கள்” என்று ஒரு வரி இருந்தால், படப்பிடிப்புக்கு முன்பே அந்தப் பாட்டுக்கு அனுமதி கையில் இருக்க வேண்டும். நடிகர்கள் வாயசைத்துப் பாடிவிட்ட பிறகு பாட்டை மாற்ற முடியாது. அதன் பிறகு இசைக்கான பட்ஜெட், கம்போசரைத் தேர்வது, அவரோடு ஒப்பந்தம், எங்கே இசை தொடங்கி எங்கே நிற்கும் என்று இயக்குநரோடு உட்கார்ந்து முடிவு செய்யும் ஸ்பாட்டிங், ஒலிப்பதிவு, மிக்சிங், ஆல்பம் வெளியீடு, கடைசியில் கியூ ஷீட் என்ற இசை அட்டவணை. பந்தி விசாரிப்பவரைப் போன்ற வேலை இது. சமைப்பதும் இல்லை, இலையில் உட்காருவதும் இல்லை. யாருக்கு எது குறைகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இசை அமைத்துப் பெயர் வாங்காதவருக்கு மரியாதை உண்டா என்கிறீர்கள். பழைய ஸ்டுடியோ காலமாக இருந்தால் உங்கள் சந்தேகம் நியாயம். 1940 முதல் 1960 வரை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் இசைத் தலைவராக இருந்தவர் ஆல்ஃபிரட் நியூமன். அவரே இசை எழுதினார், நடத்தினார், 9 ஆஸ்கர் வாங்கினார். ஃபாக்ஸ் படங்களின் தொடக்கத்தில் முழங்கும் அந்த எக்காள இசையும் அவருடையதே. அன்றைக்கு வாத்தியக் குழு, இசைக்குறிப்பு நகல் எடுப்பவர்கள் உட்பட எல்லோரும் ஸ்டுடியோவின் சம்பளக்காரர்கள். அந்தப் பட்டாளத்தை நடத்த ஓர் இசை விற்பன்னர் தேவைப்பட்டார். 1950களின் இறுதியில் சம்பள வாத்தியக் குழுக்கள் கலைந்தன. பிறகு பாட்டு ஆல்பங்கள் படத்துக்கு இணையாக விற்க ஆரம்பித்தபோது, இசைத்தட்டுக் கம்பெனிகளையும் பதிப்பகங்களையும் அறிந்தவர்கள் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். இன்றைக்கு அந்தப் பொறுப்பில் வழக்கறிஞர்கள், முன்னாள் மியூசிக் எடிட்டர்கள், பதிப்பக ஆட்கள் என எல்லா வகையினரும் இருக்கிறார்கள். கம்போசர் உங்களிடம் எதிர்பார்ப்பது தன்னைப் போல எழுதத் தெரிந்த இன்னொருவரை அல்ல. தன் இசை என்ன சொல்ல வருகிறது என்று காதால் புரிந்துகொண்டு, அதை இயக்குநரிடமும் ஸ்டுடியோவிடமும் சிதையாமல் கொண்டுபோகும் ஓர் ஆளைத்தான் எதிர்பார்க்கிறார்.

ஓர் உதாரணம் சொன்னால் இந்த வேலையின் அகலம் புரியும். 1992-இல் வெளிவந்த ‘தி பாடிகார்ட்’ படத்தின் இசை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1.8 கோடிக்கு மேல் விற்றதாகச் சான்று பெற்றது. படம் வார்னர் பிரதர்ஸுடையது. அப்போது அங்கே இசைத் தலைவர் கேரி லெமெல். கதாநாயகி விட்னி ஹூஸ்டனோ அரிஸ்டா என்ற வேறொரு இசை நிறுவனத்தின் பாடகி. ஆகவே ஆல்பம் அரிஸ்டாவில் வந்தது. படம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பெரிய படங்களில் இது சாதாரணம். யுனிவர்சல் பிக்சர்ஸும் யுனிவர்சல் மியூசிக்கும் ஒரே வீடு என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இன்று தனித்தனி முதலாளிகளின் கம்பெனிகள். வார்னர் மியூசிக்கும் 2004-லேயே ஸ்டுடியோவை விட்டுப் பிரிந்துவிட்டது.

‘தி பாடிகார்ட்’ படத்தின் உச்சப் பாட்டாக முதலில் நினைத்திருந்தது வேறொரு பழைய பாட்டை. அது அதற்குள் இன்னொரு படத்தில் வந்துவிட்டது. புதிதாகத் தேடியபோது கதாநாயகன் கெவின் காஸ்ட்னர் யோசனை சொன்னது டாலி பார்ட்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. பார்ட்டனே எழுதிப் பாடி 1974-இல் வெளியான ‘கன்ட்ரி’ பாணிப் பாட்டு. தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் தனிக்குரலாக வரட்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் காஸ்ட்னர்தான். பில்போர்ட் என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் ஹூஸ்டன் பாடிய அந்தப் பாட்டு 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

பதிப்பகத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இதன் முன்கதைதான் முக்கியம். 1970களில் எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைப் பாட விரும்பினார். பதிப்புரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று அவருடைய மேலாளர் நிபந்தனை போட்டார். எல்விஸ் பாடுவதென்றால் அன்றைக்கு எந்தப் பாடலாசிரியருக்கும் கனவு. டாலி பார்ட்டன் மறுத்துவிட்டார். இரவெல்லாம் அழுததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1992-இல் அந்தப் பாட்டு உலகமெல்லாம் ஒலித்தபோது அந்த உரிமை அவரிடமே இருந்தது. ஒரு பாட்டின் பின்னால் யார் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்ற கதை, அனுமதி கேட்கும் மேசையில்தான் தெரியும். ஆல்ப அட்டையில் தெரியாது.

கிளியரன்ஸ் மேசை எப்படி இருக்கும்? நீங்கள் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம், ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவர், பாடிய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.ஆர். ரஹ்மானுக்கு 2009-இல் இரண்டு ஆஸ்கர் வாங்கித் தந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் அது வருகிறது. கேட்பவருக்கு அது ஒரு பாட்டு. அதன் அடியில் ஓடுவது தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த துணுக்கு. அதனால் எழுதியவர்கள் பட்டியலில் எம்.ஐ.ஏ., இசைத் தயாரிப்பாளர் டிப்லோ இருவரோடு கிளாஷ் குழுவின் நால்வரும் சேர்ந்து ஆறு பெயர். அவர்களில் ஜோ ஸ்ட்ரம்மர் 2002-இல் காலமாகிவிட்டார். அவர் பங்குக்கு வாரிசுகள் தரப்பில்தான் பேச வேண்டும்.

இப்படி ஒரு பாட்டை ஒரு படம் 40 விநாடிக்குக் கேட்கிறது என்று வையுங்கள். பாட்டை எழுதியவர்கள் தரப்பில் ஒவ்வொரு பங்குக்கும் அந்தந்தப் பதிப்பகத்திடம் சிங்க் உரிமம், அதாவது பாட்டைக் காட்சியோடு சேர்த்துப் பயன்படுத்தும் உரிமம். ஒலிப்பதிவுக்கு இசை நிறுவனத்திடம் மாஸ்டர் உரிமம். அந்த ஒலிப்பதிவுக்குள் துணுக்காக இருக்கும் பழைய ஒலிப்பதிவுக்கு உரியவர் சம்மதம் தேவையா என்றும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விலை என்ற நிபந்தனையை எல்லோரும் கேட்பார்கள். கடைசியில் வந்த ஒருவர் தொகையை ஏற்றினால் முதலில் சம்மதித்த அத்தனை பேருக்கும் ஏற்றித் தர வேண்டும். 5 சதவீதம் வைத்திருப்பவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நடைமுறையில் பாட்டே போச்சு. அந்த 5 சதவீதக்காரர் எதற்காக மறுக்கிறார்? பணமா, காட்சியில் இருக்கும் வன்முறையா, பழைய மனத்தாங்கலா? இதைக் கண்டுபிடித்து, காட்சியைச் சரியான வார்த்தையில் விவரித்து இன்னொரு முறை கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல கோஆர்டினேட்டர். அப்பா சொல்கிற “அனுமதி கேட்டுக் கடிதம்” இதுதான். அந்தக் கடிதத்தில் காட்சி விவரிப்பு பொய்யாக இருந்தால் நாளைக்கு வழக்கு வரும். மொண்ணையாக இருந்தால் இன்றைக்கே மறுப்பு வரும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண்ணில் படுவது இன்னொன்றும் உண்டு. எந்த இயக்குநர் கடைசி வாரத்தில் மனம் மாறுவார், எந்தத் தயாரிப்பாளர் பட்ஜெட்டை ஒளித்து வைப்பார், எந்தக் கம்போசர் சொன்ன தேதிக்குக் கொடுப்பார் என்பதெல்லாம் முதலில் தெரிவது அந்த மேசைக்குத்தான். எல்லாச் சிக்கலும் அங்கே வந்துதான் காகிதமாகிறது. படிப்பில் ஆர்கெஸ்ட்ரேஷன், அதாவது இசையை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவதைக் கற்றுத் தருவார்கள், நன்றாகவே கற்றுத் தருவார்கள். இதைக் கற்றுத் தர அவர்களிடம் வழியில்லை.

உங்களுக்கு இருக்கும் இசைக் காது எங்கே பயன்படும் என்று யோசிப்பீர்கள். வெட்டும் மேசையில் பயன்படும். படம் எடிட்டிங்கில் இருக்கும் மாதங்களில் அதன் சொந்த இசை இன்னும் பிறந்திருக்காது. வேறு படங்களின் இசையை எடுத்து மியூசிக் எடிட்டர் தற்காலிகமாகப் போட்டு வைப்பார். டெம்ப் என்போம். இயக்குநர் அதையே மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அதில் ஊறிவிடுவார். கம்போசர் புதிதாக எழுதிக் கொண்டுவரும் எதுவும் பிறகு அவருக்கு ருசிக்காது. 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்துக்கு அலெக்ஸ் நார்த் இசை எழுதி ஒலிப்பதிவும் செய்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதை விட்டுவிட்டு, டெம்பாக வைத்திருந்த பழைய செவ்வியல் இசையையே படத்தில் வைத்துக்கொண்டார். நார்த்துக்கு அது தெரிந்தது, முடிந்த படத்தை உட்கார்ந்து பார்த்தபோது. குப்ரிக்கின் முடிவு கலையாகச் சரி என்பவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம் சாய்பவள்தான். ஆனால் ஒரு கலைஞருக்கு அந்தச் செய்தி அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கக் கூடாது. அதை முன்கூட்டியே, முகம் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். எங்கள் பதவிக்கு வேறு எந்த நியாயமும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு சிறிய குடும்பப் படத்தில் இதே சிக்கல் வந்தது. இறந்துபோன மகனின் அறையைத் தாய் ஒழுங்குபடுத்தும் காட்சி. வசனம் இல்லை. டெம்பில் மெல்லிய பியானோ. கம்போசர் கொண்டுவந்ததில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா இரண்டே இரண்டு, அதுவும் நீண்ட ஒற்றைச் சுரங்களாக. இயக்குநர் கேட்டுவிட்டு, “என்னவோ குறைகிறது” என்றார். இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. இதை அப்படியே கம்போசரிடம் கொண்டுபோனால் அவர் அங்கே பியானோவைப் போடுவார். அதோடு அவருடைய இசை முடிந்தது.

மியூசிக் எடிட்டரிடம் எந்த இசையும் இல்லாமல் காட்சியை ஓட்டச் சொன்னேன். படப்பிடிப்பில் பதிவான ஒலி மட்டும். இன்னொரு முறையும் அப்படியே. அறைக்கு வெளியே ஓடிய குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், துணி உரசும் சத்தம், நடுவே நடிகை மூக்கால் இழுக்கும் ஒரு மூச்சு. அந்த மூச்சு இயக்குநருக்கே புதிதாகக் கேட்டது. அத்தனை மாதமாகப் பியானோ அதை மூடியிருந்தது. எல்லோரும் எழுந்து காபி குடித்துவிட்டு வந்தோம். பிறகு வியோலாவோடு ஓட்டினோம். “தொடக்கத்தில் வேண்டாம், அவள் சட்டையை மடிக்கத் தொடங்கும் இடத்தில் வரட்டும்” என்றார் இயக்குநர். இது கம்போசரிடம் கொண்டுபோகத் தகுந்த குறிப்பு. அவர் முதல் சில வரிகளை மட்டும் மாற்றி எழுதினார். படத்தில் இன்றைக்கு இருப்பது அந்த வியோலாதான். நான் ஒரு சுரமும் எழுதவில்லை. இந்த வேலையில் திருப்தி கிடைப்பது இப்படிப்பட்ட மதியங்களில். உங்களுக்கு அது போதுமா என்று உங்கள் மனதைக் கேட்டுப் பாருங்கள். போதாது என்று தோன்றினால் படிப்புக்குப் போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

ஒலிப்பதிவு நாளைப் பற்றிக் கொஞ்சம். லாஸ் ஏஞ்சலஸில் பெரிய வாத்தியக் குழுவுக்கு இடம் தரும் ஸ்டுடியோ அரங்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஃபாக்ஸ் வளாகத்தில் நியூமன் பெயரில் ஒன்று, பழைய எம்.ஜி.எம். வளாகமாக இருந்து இன்று சோனியிடம் இருக்கும் இடத்தில் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பெயரில் ஒன்று, வார்னரில் கிளின்ட் ஈஸ்ட்வுட் பெயரில் ஒன்று. கலைஞர்கள் சங்க உறுப்பினர்கள். அமர்வு 3 மணி நேரக் கணக்கு, தாண்டினால் கூடுதல் ஊதியம். முந்தின இரவு எடிட்டிங்கில் காட்சி சில விநாடிகள் குறைந்திருந்தால், எண்பது பேர் வாத்தியத்தோடு காத்திருக்க, கம்போசரின் ஆட்கள் இசைக்குறிப்பில் அடித்துத் திருத்திக்கொண்டிருப்பார்கள். அந்த நிமிடங்களுக்கு யார் பணம் கொடுப்பது, எந்த இசைத்துண்டை நாளைக்குத் தள்ளுவது என்று பதறாமல் முடிவு சொல்பவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டுடியோ ஆள்.

இனி கியூ ஷீட். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி, பொறுத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் அதில் வரும் ஒவ்வொரு இசைத்துண்டையும் வரிசையாக எழுதும் அட்டவணை அது. தலைப்பு, எழுதியவர், பதிப்பகம், யாருக்கு எத்தனை சதவீதம், அவர் எந்த உரிமைச் சங்கத்தில் இருக்கிறார், பின்னணியா, காட்சிக்குள் ஒலிப்பதா, எத்தனை நிமிடம் எத்தனை விநாடி. பார்க்க அலுப்பாக இருக்கும். ஆனால் அமெரிக்கத் திரையரங்குகள் படத்தில் வரும் இசைக்கு நிகழ்த்துரிமைத் தொகை, அதாவது பொது இடத்தில் இசையை ஒலிக்கச் செய்வதற்கான கட்டணம், கொடுப்பதில்லை. ஆஸ்காப் என்ற உரிமைச் சங்கத்துக்கு எதிராகத் திரையரங்கு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 1948-இல் வந்த தீர்ப்பு முதல் அப்படித்தான். கம்போசருக்கு அந்தத் தொகை வருவது தொலைக்காட்சி, ஸ்ட்ரீமிங், வெளிநாட்டுத் திரையரங்குகள் வழியாக. அது யாருக்குப் போக வேண்டும் என்று சொல்வது அந்த அட்டவணை ஒன்றுதான். இசையின் உரிமை பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். எழுத்தாளர் பங்கு என்று கம்போசருக்கு எஞ்சி நிற்பதும் இந்த வழியில்தான் வந்து சேர வேண்டும். ஒரு பெயரில் எழுத்துப்பிழை, ஒரு சதவீதம் விடுபட்டது என்றால், எங்கோ ஒரு நாட்டில் அவர் பணம் பெயர் தெரியாத கணக்கில் வருஷக்கணக்கில் கிடக்கும். கோஆர்டினேட்டராகச் சேர்ந்தால் முதலில் உங்கள் கைக்கு வருவது இந்த அட்டவணைகளாகத்தான் இருக்கும். அவற்றை அலட்சியமாக நிரப்புகிறவர்களை நான் மேலே ஏற்றிவிட்டதில்லை.

கர்நாடகப் பயிற்சி உதவுமா என்றால், நன்றாக உதவும். ஒரு சுரம் அசைந்து எங்கே போய் நிற்கிறது என்று கேட்கப் பழகிய காதுக்கு, டெம்பின் சாயல் புதிய இசையில் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது சட்டென்று பிடிபடும். இது ரசனைக்கு மட்டுமான விஷயம் இல்லை. சாயல் எல்லை மீறினால் காப்புரிமை வழக்கில் நிற்கும். சந்தேகம் வந்தால் ஸ்டுடியோக்கள் இசை வல்லுநர்களை அமர்த்தி இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை வாங்குகின்றன. அந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்பக்கூடியவராக நீங்கள் இருக்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும். இந்தியக் காட்சி வந்தால் கூப்பிடுவதற்கான ஆள் என்று உங்களை ஒரு மூலையில் உட்கார வைக்கப் பார்ப்பார்கள், நல்லெண்ணத்தோடுதான் செய்வார்கள். அந்த உதவியைச் செய்யுங்கள். கூடவே கன்ட்ரி, ஹிப்-ஹாப், பழைய சோல் இசை எல்லாவற்றையும் பதிப்பக விவரத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழகுங்கள். இங்கே உரிமை பேச வேண்டிய பாட்டுகளில் பெரும்பகுதி அந்த வகைகளில்தான் இருக்கிறது.

வேலை நீடிக்குமா? எண்ணிக்கை குறையும், அதை மறைப்பதில் பயனில்லை. 2019 மார்ச்சில் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியது, 2022 மார்ச்சில் அமேசான் எம்.ஜி.எம்-ஐ வாங்கியது, 2025 ஆகஸ்டில் பாரமவுன்ட் ஸ்கைடான்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தோடு இணைந்தது. இரண்டு வீடு ஒன்றானால் இரண்டு இசைப் பிரிவு தேவைப்படாது. ஆனால் அப்படிப்பட்ட நேரங்களிலும் பழைய படங்களின் உரிமைக் கோப்புகளைப் புரட்டி, எந்தப் பாட்டுக்கு எந்த ஊடகம் வரை உரிமை இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் தேவைப்படுகிறார்கள். வீடியோ கேசட் காலத்தில் எழுதிய ஒப்பந்தம் ஸ்ட்ரீமிங்கைத் தாங்குமா என்பது இன்றைக்கும் நாள்தோறும் எழும் கேள்வி. சட்டமும் இசையும் தெரிந்த உங்களைப் போன்றவருக்கு அதில் நிற்க இடம் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் உங்கள் சட்டப் படிப்பு நேரடியாக உதவும். மனிதக் கை இல்லாமல் இயந்திரமே உண்டாக்கிய படைப்புக்குக் காப்புரிமை இல்லை என்பது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் நிலை. 2025 மார்ச்சில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் படைப்பாளி மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தன் படத்தின் இசையைத் தனக்கே சொந்தமாக்கிக்கொள்ள ஆசைப்படும் ஸ்டுடியோவுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ என்ற இரண்டு இசை உருவாக்கும் சேவைகள் மீது வழக்குத் தொடுத்தன. இனிமேல் கம்போசர் கொண்டுவரும் இசையில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குவதும் இசைப் பிரிவின் வேலையில் சேர்ந்துவிடும். எனக்கு இதில் கவலை, சின்னப் படங்களைப் பற்றித்தான். பெரிய படத்துக்கு வாத்தியக் குழு வரும். பத்துப் பேர் வாசித்துப் பிழைக்கும் சின்னப் பட்ஜெட் ஒலிப்பதிவுகள்தான் முதலில் சத்தமில்லாமல் காணாமல் போகும். மேலே வந்த பிறகு நீங்கள் தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் தயவுசெய்து தடுங்கள்.

சம்பளக் குறைவுக்கு வருகிறேன். அது உண்மையான சுமை, லாஸ் ஏஞ்சலஸ் வாடகை இரக்கம் காட்டாது. ஆனால் படிப்புக் கடனோடு ஒப்பிட்டால், ஒரு பக்கம் குறைவாக வருகிறது, இன்னொரு பக்கம் வராமலே போகிறது. ஸ்கோர் எனும் முழு இசைக்குறிப்பைப் படிக்கும் பழக்கமும் ஆர்கெஸ்ட்ரேஷன் அடிப்படையும் வேண்டுமென்றால் யு.சி.எல்.ஏ. எக்ஸ்டென்ஷனில் மாலை நேர வகுப்புகள் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே ஒன்றிரண்டு படிக்கலாம். இசைப் பிரிவில் இருப்பவர் என்றால் ஒலிப்பதிவு அரங்கில் ஓரமாக உட்கார்ந்து கேட்கவும் வாய்ப்பு வரும். அந்த ஓர இருக்கைக்கு எந்தக் கல்லூரியிலும் கட்டணம் செலுத்தி இடம் வாங்க முடியாது.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். ஒரு படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியல் ஓடும்போது, பாட்டுகளின் பெயர் வரும் பகுதியில் நிறுத்தி, ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எழுதியவர், பாடியவர், “இன்னாரின் அனுமதியுடன்” என்று வரும் வரிகளைக் காட்டுங்கள். அந்த ஒவ்வொரு வரியும் ஓர் ஒப்பந்தம் என்று சொல்லுங்கள். வக்கீல் படிப்பு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அவரே பதில் கண்டுகொள்வார்.

வேலையை ஏற்பதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, உங்கள் மேலாளர் யார், ஸ்பாட்டிங் கூட்டங்களில் குறிப்பெடுக்கவாவது உங்களை உட்கார வைப்பார்களா என்று. காகிதம் மட்டும் பார்த்து, படத்தைப் பார்க்காமலே இருக்கும் கிளியரன்ஸ் மேசைகளும் உண்டு. அப்படியானால் ஒரு வருஷத்துக்குப் பிறகாவது அந்த வாய்ப்பு வருமா என்று வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, வேலை ஒப்பந்தத்தில் உங்கள் சொந்த இசையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். பணிக்காலத்தில் உருவாக்கும் படைப்புகள் நிறுவனத்துக்கே என்ற பொதுவான வாசகம் பெரும்பாலும் இருக்கும். ஊழியர் தன் நேரத்தில், தன் கருவிகளில் செய்யும் கண்டுபிடிப்புகளுக்குக் கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2870-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் முதலாளியின் தொழிலோடு தொடர்புடையவற்றுக்கு அது விலக்கு. ஸ்டுடியோவுக்கு இசை தொழில்தானே. ஆகவே அந்தப் பிரிவை நம்பி விட்டுவிடாதீர்கள். இதுவரை நீங்கள் அமைத்த இசைத்துண்டுகளைத் தேதியோடு பட்டியலிட்டு ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள். இனி வீட்டில் அமைப்பவை உங்களுக்கே சொந்தம் என்று தனி வரி கேளுங்கள். கையெழுத்துக்கு முன்பு கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

அன்புடன்,
அக்கா